கொட்டகைகளில் உறங்கும் கார்கள்

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பது பழமொழி. பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போருக்கு இது சற்று மாறிப் பலிப்பதுண்டு. ஓர் எண்ணெய்ப் பம்பியைத் தேடிச் செல்பவர், விறகுக்கும் வைக்கோலுக்கும் நடுவே முழு வண்டியொன்றையே கண்டு வியந்து நிற்பார். ஒஸ்ரின் ஏ-40 சமர்செற் வண்டியொன்றின் எஞ்சினைத் திருத்தும் பொருட்டு யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஊரூராக அலைந்த நாம், அவ்வாறு கண்டவற்றுட் சிலவற்றை வாசகர்களுக்குக் கூற விரும்புகின்றோம்.

எது எதற்குப் பொருந்தும்?

1952 ஆம் ஆண்டிலே ஒஸ்ரின், மொறிஸ் என்னும் இரு பெரும் ஆங்கில உற்பத்தியாளரும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கோப்பரேஷன் ஆயினர். அதன் பின்னர் ஒரே குடும்பத்து எஞ்சின்கள் இரு பெயர் வண்டிகளிலும் பொருத்தப்பட்டன. சிறிய 'ஏ' வரிசை எஞ்சின் மொறிஸ் மைனரிலும், ஒஸ்ரின் ஏ-35 இலும், பின்னர் மினியிலும் இடம்பெற்றது. பெரிய 'பி' வரிசை எஞ்சின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலும் மொறிஸ் ஒக்ஸ்போர்டிலும் இருந்தது. அந்த ஒக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசை வண்டியே இந்தியாவில் அம்பாசடர் என்னும் பெயர் பெற்று 2014 வரை உற்பத்தியாயிற்று. ஆகவே கேம்பிரிட்ஜ் வைத்திருப்போர் அம்பாசடரின் பாகங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஏ-40 இன் நிலை வேறு. அதன் 1200 கன சென்ரிமீற்றர் எஞ்சின், 1947 இல் வெளிவந்த டெவன் வண்டியுடன் தோன்றியது. மேற்கூறிய இணைப்புக்கு முந்தியது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கியும் அதன் எண்ணெய்ப் பம்பி நமக்குக் கிட்டவில்லை. எனவேதான் கிராமத்துக் கொட்டகைகளை நாட நேர்ந்தது.

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

ஏனைய இடங்களில் மறைந்துபோன வண்டிகள் குடாநாட்டில் நெடுங்காலம் நிலைத்தமைக்குக் காரணம் உண்டு. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், வடக்கிற்குப் பொருள்கள் செல்வது கட்டுப்படுத்தப்பட்டது. பெற்றோல் அரிதாயிற்று, புதிய வண்டிகளுக்கு வழியே இல்லை. அப்பொழுது 1950களின் ஒஸ்ரினும் மொறிஸும் மீண்டும் தெருவுக்கு வந்தன.

சிறு போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்குவர். அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கும். பழைய எஞ்சின்களில் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்னும் அளவிலேயே இருந்தமையால் இது இயலுவதாயிற்று. ஆனால் அதற்கொரு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். பெயாரிங்குகளும் எண்ணெய்ப் பம்பியும் தேயும். நாம் தேடிச் சென்ற பாகங்கள் அக்காலத்தின் கடனைத் தீர்த்துத் தேய்ந்தவையே.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். வண்டிகள் பல கொட்டகைகளிலேயே நின்றுவிட்டன. சிலவற்றின் உடைமையாளர் மீண்டனர். சிலர் கடல் கடந்து போயினர்.

மூன்று வண்டிகள்

வடமராட்சியில் கிடுகுக் கொட்டிலொன்றில் மொறிஸ் மைனர் ஒன்றைக் கண்டோம். முன் கண்ணாடி இரு துண்டாக இருந்தது; முகப்பு விளக்குகள் கம்பிச் சட்டத்தின் இரு பக்கமும் தாழ்ந்து பதிந்திருந்தன. 1948 இல் தொடங்கிய அவ்வண்டியின் முதற் சில ஆண்டுகளுக்குரிய தோற்றம் அது. பின் ஆசனத்தில் கோழியொன்று அடைகாத்துக்கொண்டிருந்தது.

வலிகாமத்தில் கண்டதோ நாம் தேடிய சமர்செற் வண்டியே. மூடியின்மேல் பறக்கும் 'ஏ' எழுத்துச் சின்னம். 'ஸ்ரீ' எழுத்து வருமுன் வழங்கிய ஆங்கில எழுத்து இலக்கத் தகடு. ஓடிய காலத்தில் அதனைச் செலுத்திய ஆசிரியர் காலமாகிவிட்டார். பம்பியை மாத்திரம் விலைக்குத் தரலாமா என அவருடைய மனைவியாரிடம் கேட்டோம்.

"தம்பியவை, பிள்ளைப்பேற்றுக்குப் போற பெண்டுகளை அவர் இந்தக் காரிலைதான் சாமத்திலை ஆசுபத்திரிக்குக் கொண்டு போனவர். பழைய இரும்புக்காரரும் வந்து நிறுத்துத் தாங்கோ எண்டு கேட்டவை. துண்டு துண்டாக் கழற்ற நான் விடமாட்டன். ஓட வைக்கிறதெண்டால் சொல்லுங்கோ."

அவ்வார்த்தைக்கு மேல் நாம் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய பேரனைத் துணைக்கு அழைத்து அன்றே வேலையைத் தொடங்கினோம். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டு வந்தோம். பத்தாம் நாள் கைபிடியைப் பொருத்தி மெல்ல அசைத்தபோது, இறுகிக் கிடந்த எஞ்சின் ஒரு முனகலுடன் சுழன்றது. அம்மையார் கதவோரத்தில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று தேநீர் கொண்டுவந்தார்.

நமக்கு வேண்டிய பம்பி மூன்றாவது வண்டியில் இருந்தது. தென்மராட்சியில் ஒரு வேலியோரத்தில் கிடந்த ஏ-40 அது. கூரை உக்கிக் கதவுகள் கழன்று, அடிச்சட்டமும் எஞ்சினும் மாத்திரமே எஞ்சியிருந்தன. வீட்டுக்காரர் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

எதைக் கழற்றலாம்?

இத்தேடலில் நாம் கற்றது இதுவே: இறந்த வண்டியிலிருந்து எடுக்கும் பாகம் வேறொரு வண்டிக்கு உயிர் கொடுக்கும், உறங்கும் வண்டியிலிருந்து எடுக்கும் பாகமோ அதனை இறந்த வண்டியாக்கும். முழுமையாக நிற்கும் வண்டியை ஒரு பாகத்துக்காகக் குலைத்தல் தகாது. கிடைக்காத பாகங்களுட் சிலவற்றைக் கடைசற் பட்டறையில் செய்துகொள்ளலாம். உடைந்த வண்டியை அவ்வாறு செய்துகொள்ள முடியாது.

வீட்டுக் கொட்டகையில் பழைய வண்டி உள்ளோர் முதலிற் செய்யவேண்டியவை எளியவை. பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துக. எஞ்சின் இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் எழுதிவைத்துக்கொள்க. நெடுநாள் நின்ற எஞ்சினை வண்டியைத் தள்ளி இயக்க முயலாதீர், வளையங்கள் முறியக்கூடும். எண்ணெய் ஊற்றிப் பொறுமையோடு காத்திருங்கள்.

மாணவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் ஊரிலே இவ்வண்டிகளைச் செலுத்தியவர்களும் திருத்தியவர்களும் முதுமை எய்திவிட்டார்கள். எந்த வண்டி யாரை எங்கே கொண்டு சென்றது, மண்ணெண்ணெயில் அதனை எவ்வாறு ஓட்டினார்கள் என்பனவற்றை அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். இரும்பு உக்கச் சில காலம் செல்லும். நினைவு அதற்கு முன்னரே மறைந்துவிடும்.