பாளை முதல் பந்தி வரை

கனடா நாட்டில் குளிர்காலம் முடியும் தறுவாயில், மேப்பிள் மரத்தில் துளையிட்டு இனிய சாறு வடிக்கிறார்கள். அந்நாட்டுப் பழங்குடி மக்கள் முதலில் கண்ட தொழில் இது. அச்சாற்றில் சர்க்கரை 2 அல்லது 3 சதவீதமே உண்டு. ஆகவே சுமார் 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால்தான் 1 லிட்டர் பாகு கிடைக்கும். அப்பாகு இன்று உலகெங்கும் விலைபோகிறது.

நமது பனை இதனினும் வளமுடையது. பதநீரில் ஏறத்தாழ 12 சதவீதம் சர்க்கரை அடங்கியுள்ளது. சுமார் 8 லிட்டர் பதநீரே 1 கிலோ வெல்லம் தரும். நீர் பாய்ச்சாமலும் உரமிடாமலும் வளர்ந்து, வேர்களால் ஏரிக்கரையைப் பிடித்து நிறுத்தும் இம்மரம், 1978 ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது. தண்டலம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகியுள்ள இந்நாளில், எஞ்சியுள்ள பனைகளின் பயனை நாம் அறிந்துகொள்வது அவசியமாகும்.

வெல்லம் உண்டாகும் முறையைக் காண்போம். தை, மாசியில் பாளை வெளிப்படும். ஆண் பனை, பெண் பனை இரண்டும் சாறு தரும். பனையேறுபவர் பாளையைக் கடிப்பால் நசுக்கிப் பதப்படுத்துவார். பின்னர் அதன் நுனியை அரிவாளால் நாள்தோறும் மெல்லியதாகச் சீவிக் கலயத்தைக் கட்டுவார். சீவுவது தவறினால் சாறு ஊறுவது குன்றிவிடும்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதே இத்தொழிலின் உயிர்நாடி. காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சாற்றைப் புளிக்கச் செய்து கள்ளாக்கிவிடும். சுண்ணாம்பு அதனைத் தடுக்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை உள்ளது. எனவே சுண்ணாம்பு குறைந்தால் சாறு கெடுவதோடு சட்டத்தின் தொல்லையும் நேரும். மிகுந்தாலோ வெல்லத்தின் நிறமும் சுவையும் குன்றும். அளவறிந்து தடவுதல் வேண்டும்.

விடியற்காலையில் இறக்கிய பதநீரைத் தாமதமின்றி வடிகட்டி, அகன்ற கொப்பரையில் காய்ச்ச வேண்டும். நுரை பொங்கினால் சிறிது ஆமணக்கு விதையை நசுக்கி இட்டால் அடங்கும். பாகு முதிர்ந்ததும் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டுப் பார்ப்பர். அது கரையாமல் உருண்டு திரண்டால் பதம் வந்ததென்று பொருள். உடனே இறக்கிக் கிளறிச் சிரட்டைகளில் ஊற்றினால் கருப்பட்டி ஆயத்தமாகும். பாகைச் சற்று முன்னரே இறக்கிப் பல நாட்கள் அசையாமல் வைத்தால் பனங்கற்கண்டு விளையும்.

இவ்வாறு செய்த பொருளுக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து கருப்பட்டியென விற்போர் உண்டு. இதனால் நேர்மையாகக் காய்ச்சுபவரின் விலை விழுகிறது. உயரமான மரத்தில் நாள்தோறும் ஏறி இறங்கும் ஆபத்துக்கு ஏற்ற கூலி கிட்டாவிடில், அடுத்த தலைமுறை இத்தொழிலுக்கு வாராது. பனையேறுவோர் இல்லாத ஊரில் பனை வெறும் விறகாகவே மதிக்கப்படும்; செங்கல் சூளைக்குப் போய்ச் சேரும்.

இதனைத் தடுப்பது ஊராட்சியின் கையில் உள்ளது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென்று 2021 ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. ஊராட்சியினர் முதலில் ஏரிக்கரைப் பனைகளை எண்ணிப் பதிவேட்டில் குறித்தல் நன்று. மழைக்கு முன் கரையோரங்களில் சுமார் 10 அடி இடைவெளியில் பனங்கொட்டை ஊன்றலாம். விவசாயிகள் கூட்டாக ஒரே கொப்பரையில் காய்ச்சினால் விறகு மிச்சமாகும். கலப்படமற்ற சரக்கென்ற பெயரும் நிலைக்கும். வாங்குவோர் தொலைவில் இல்லை. தொழிற்சாலை உணவுக்கூடங்களும் நெடுஞ்சாலைக் கடைகளும் அருகிலேயே உள்ளன.

இன்று ஊன்றும் கொட்டை பாளை விட 15 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். வெட்டுவதற்கோ அரை நாள் போதும். இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்த்து நமது ஊராட்சிகள் முடிவு செய்யுமாக.