மாத்திரையை ஏன் நிறுத்தினார் ஜேமிசன்?

தூக்கம் தேவைப்படவில்லை. களைப்பு தெரியவில்லை. கையில் காசில்லாதபோதும் பொருள்களை வாங்கிக் குவித்தார். பாம்புக்கடிக்கான முதலுதவிப் பெட்டிகள்கூட அவற்றில் இருந்தன. 1974-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த சில மாதங்களிலேயே கே ரெட்ஃபீல்டு ஜேமிசனுக்கு வந்த நிலை இது. பிறர் மனத்தைப் படிப்பதே தொழிலான உளவியலாளர், தானே நோயாளியாக ஒரு மருத்துவர்முன் உட்கார வேண்டியதாயிற்று. வந்திருப்பது பைபோலார் எனும் இருதுருவ மனநோய் என்றார் மருத்துவர். மருந்து, லித்தியம்.

கைபேசி பேட்டரியில் இருக்கும் அதே தனிமம்தான். மாத்திரையில் கார்பனேட் உப்பாக வருகிறது. ஜேமிசன் அதைச் சில காலம் விழுங்குவார், தேறியதும் நிறுத்துவார், நோய் திரும்பும். 28 வயதில் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். எல்லாம் படித்தவர் ஏன் நிறுத்தினார்? பக்கவிளைவு ஒரு காரணம். அன்று கொடுத்த அளவு அதிகம். குமட்டல், நடுக்கம், புத்தகப் பிரியரான அவரால் பல ஆண்டுகள் ஒரு நூலைக்கூட ஒழுங்காகப் படிக்க முடியவில்லை. இன்னொரு காரணத்தை வெளியே சொல்லத்தான் துணிச்சல் வேண்டும். பித்துநிலையின் தொடக்கம் அவருக்குப் பிடித்திருந்தது. எண்ணங்கள் பறக்கும், பேச்சு மின்னும், எதையும் சாதிக்கலாம் என்றிருக்கும். சர்க்கரை நோயாளி எவரும் ரத்தத்தில் சர்க்கரை ஏறவில்லையே என்று ஏங்குவதில்லை. இந்த நோயில் அந்த ஏக்கம் உண்டு.

நவீன லித்தியம் சிகிச்சையின் முதல் நோயாளியும் நிறுத்தியவர்தான். சிங்கப்பூரின் சாங்கி முகாமில் ஜப்பானியரிடம் போர்க்கைதியாக இருந்து திரும்பிய ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், கினிப்பன்றிகளுக்கு லித்தியம் ஊசி போட்டபோது அவை சாந்தமாகிப் படுத்தன. தானே உட்கொண்டு பார்த்துவிட்டு, 1948-ல் தீராப் பித்துநிலையில் கிடந்த 51 வயதுக்காரருக்குக் கொடுத்தார். அவர் சில மாதங்களில் வீடு திரும்பிப் பழைய வேலையிலும் சேர்ந்தார். மாத்திரையைக் கைவிட்டதும் மீண்டும் மருத்துவமனைக்கே வந்தார். 1950-ல் அவர் இறந்தது லித்தியம் நச்சால். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி அவ்வளவு குறைவு. அதனால்தான் இன்று ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல்வரை இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். சிறுநீரகத்தையும் தைராய்டையும் பார்க்கிறார்கள். வயிற்றுப்போக்கோ நீரிழப்போ வந்தாலும், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை போட்டாலும் அளவு ஏறிவிடும். மூளையில் அது வேலை செய்யும் விதம் இன்றும் முழுதாகப் பிடிபடவில்லை.

ஜேமிசன் மீண்டது ஒரே நாளில் அல்ல. மாத்திரையோடு பல ஆண்டுகள் உளவியல் சிகிச்சையும் நடந்தது. பின்னாளில் அளவைக் குறைத்ததும் வாசிப்பு திரும்பியது. நம்பிக்கை பிறந்த பிறகுதான் அவர் மருந்துக்கு உடன்பட்டார் என்றில்லை. மருந்தை விடாமல் எடுத்ததில் சிறுகச் சிறுக நம்பிக்கை வந்தது. ஃபிரெடரிக் குட்வினோடு சேர்ந்து இந்த நோய் பற்றி எழுதிய பெரும் பாடநூல் 1990-ல் வந்தது. 1995-ல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பேராசிரியராக இருந்தபோது, தன் நோயைத் தன்வரலாற்றில் உடைத்துச் சொன்னார். நோயாளிகளைப் பார்க்கும் உரிமையே போய்விடலாம் என்ற அச்சத்தோடுதான் சொன்னார். 2001-ல் மெக்ஆர்தர் நல்கை வந்தது.

கவிஞர்களுக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு ‘இது மேதைகளின் நோய்’ என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நோயாளிகளில் பெரும்பாலானோர் கவிஞர்கள் அல்லர். விட்ட படிப்பை முடிப்பதும், நேரத்துக்குத் தூங்கி எழுந்து வேலைக்குப் போவதும் அவர்களுக்குப் போதுமான இலக்குகள்.

வீட்டில் யாராவது இந்த மாத்திரை எடுத்தால், ‘நல்லாத்தானே இருக்கே, இன்னும் எதுக்கு மருந்து?’ என்று கேட்காதீர்கள். குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரோடு பேசித்தான். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால், இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவிக்கான இலவச எண் 14416.