'டொக்' கேட்ட நாளைக் குறித்து வையுங்கள்

திருமயம், இலுப்பூர் வட்டாரக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றி வரும் டிப்பர் ஓட்டுநர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தக் குறை எப்படியும் வந்துவிடும்: "முன்னாடி எங்கயோ டொக்குன்னு அடிக்குதுண்ணே. பட்டறைக்குப் போனா அடிக்க மாட்டேங்குது." குவாரிப் பாதையின் பள்ளத்தில் கேட்ட சத்தம் தார்ச்சாலை ஏறியதும் நின்றுவிடுகிறது. லோடு இறக்கித் திரும்பும்போது கேட்கிறது, ஏற்றியதும் அடங்கிவிடுகிறது. மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். முதலாளி, ஓடுகிற வரைக்கும் ஓட்டு என்கிறார்.

விட்டுவிட்டுக் கேட்கிறது என்பதாலேயே இதைச் சின்னக் கோளாறு என்று நினைத்துவிடுகிறோம். அப்படி நினைக்கக் கூடாது. சத்தம் விட்டுவிட்டு வருவதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது.

லாரியின் முன் அச்சு ஸ்பிரிங் பட்டைகளின் மேல் நிற்கிறது. பட்டைக் கட்டின் ஒரு முனை பின்னிலும், மறுமுனை ஆடும் ஷேக்கிளிலும் சேஸியோடு மாட்டியிருக்கும். நடுவில் பட்டைகளைக் கோத்து அச்சு நகராமல் வைப்பது சென்டர் போல்ட்; கட்டையும் அச்சையும் இறுக்கிப் பிடிப்பவை யூ போல்ட்டுகள். சக்கரம் திரும்புவது கிங் பின்னைச் சுற்றி. இவற்றில் ஏதாவது ஒரு புஷ் தேய்ந்தாலும் ஒரு நட் தளர்ந்தாலும் இடைவெளி விழும். பாரம் ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டே இருக்கும்வரை அந்த இடைவெளி தட்டாது. பிரேக் பிடிக்கும்போதோ, பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போதோ பாரம் திசை மாறுகிற அந்தக் கணத்தில்தான் இரும்பும் இரும்பும் மோதும். லோடு ஏற்றியதும் சத்தம் நின்றால் பழுது சரியாகிவிட்டது என்று பொருளில்லை. எடை இடைவெளியை அமுக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். தேய்மானம் அடியில் நடந்துகொண்டேதான் இருக்கும்.

ஆகவே மெக்கானிக்கிடம் "சத்தம் வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள், எப்போது வருகிறது என்று சொல்லுங்கள். வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலே கேட்கிறதென்றால் கிங் பின், டை ராடு எண்டு, டிராக் லிங்க் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். பிரேக் பிடித்ததும் ஒரே ஒரு 'டொக்', விட்டதும் இன்னொன்று என்றால் யூ போல்ட்டோ சென்டர் போல்ட்டோ சந்தேகத்துக்குரியது. வெறும் வண்டியில், சின்னச் சின்ன மேடுகளில் படபடவென்று தட்டினால் ஷேக்கிள் பின்னின் புஷ், ஷாக் அப்சார்பரின் ரப்பர் புஷ் பக்கம் போகலாம். சில வேளை சஸ்பென்ஷனே காரணமாக இருக்காது. கேபின் மவுண்டிங்கோ தளர்ந்த சக்கர நட்டோ தட்டும். சக்கர நட் என்றால் அன்றைக்கு ஓட்டமே கிடையாது, அங்கேயே நிறுத்துங்கள்.

இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. சுத்தம் செய்த யூ போல்ட் நட்டின் மேலும் அது உட்காரும் தகட்டின் மேலும் சேர்த்துப் பெயிண்டால் ஒரு கோடு இழுங்கள். இரண்டு நடை ஓடி வந்ததும் கோடு விலகியிருந்தால் நட் தளர்கிறது. இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் துரு பொடியாகக் கசியும், அல்லது புதுக்காசு போலப் பளபளக்கும். டார்ச் அடித்தால் தெரியும். அச்சிலிருந்து சேஸியில் உள்ள ஒரே மாதிரியான புள்ளிக்கு இடமும் வலமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் பொருந்தவில்லை என்றால் அச்சு இடம் பெயர்ந்திருக்கலாம், சென்டர் போல்ட் அறுந்திருக்கலாம். கிங் பின்னுக்கு முன் அச்சைத் தூக்கிக் கட்டை கொடுத்து, டயருக்கு அடியில் கடப்பாரையை விட்டு நெம்பிப் பார்ப்பார்கள். அப்போது ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். வெறும் ஜாக்கியை நம்பி எவரும் வண்டிக்கு அடியில் போகவேண்டாம்.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றும் வண்டிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஐஸ் உருகிச் சொட்டும் உப்புத் தண்ணீர் முன் கட்டில் பட்டாலும் பின் கட்டில் பட்டாலும் யூ போல்ட்டின் மரையைத் தின்றுவிடும். குட்டி யானை ஆனாலும் பெரிய லாரி ஆனாலும் நடை முடிந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

பட்டறைகளில் பழகிப்போன இரண்டு வேலைகளை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன். முதலாவது, உடைந்த பட்டைக்கு வெல்டிங் வைப்பது. ஸ்பிரிங் எஃகைப் பதப்படுத்தித்தான் செய்கிறார்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும், அடுத்த முறை அதன் பக்கத்திலேயே உடையும். இரண்டாவது, சத்தத்தை அடக்கக் கிரீஸை அடித்து அனுப்பிவிடுவது. கிரீஸ் அவசியம்தான், ஆனால் தேய்ந்த புஷ்ஷை அது வளர்க்காது. புது யூ போல்ட் மாட்டினால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்க வேண்டும். பட்டைகள் அமர அமர இறுக்கம் குறையும். இந்த மறுமுறுக்கைத்தான் நம் ஊரில் அதிகம் மறக்கிறோம்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் பிரிவு 190, பழுதுள்ள வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுபவரை மட்டும் குற்றவாளி ஆக்கவில்லை. ஓட்டச் சொல்பவரையும் ஓட்ட விடுபவரையும் சேர்த்தே சொல்கிறது. பழுது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே போதும். அபராதம் 1,500 ரூபாய் வரை. அந்தப் பழுதால் விபத்து நடந்து காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உயிர் போய்விட்டால் வழக்கு இதோடு நிற்காது, ஸ்டியரிங் பிடித்திருந்தவர் மீதுதான் முதலில் பாயும். அதனால் ஓட்டுநர் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: சத்தம் கேட்ட அன்றே தேதி, கிலோமீட்டர், இடம் போட்டு முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். வாயால் சொன்னது நிற்காது. எழுதிவிட்டோம் என்று அதே வண்டியை மறுபடி எடுக்கவும் கூடாது, அப்போது தெரிந்தே ஓட்டியவர் ஆகிவிடுவீர்கள்.

2023 டிசம்பர் 30 அதிகாலை, புதுக்கோட்டையை அடுத்த நமணசமுத்திரம் அருகே சிமெண்ட் லாரி ஒன்று சாலையோரத் தேநீர்க் கடைக்குள்ளும் அங்கே நின்ற வாகனங்கள் மீதும் புகுந்து 5 பக்தர்கள் இறந்தார்கள். அந்த விபத்துக்கு இந்தப் பழுதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. லோடு லாரி கட்டுப்பாடு இழந்தால் தேநீர் குடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு என்ன நடக்கும் என்பதை இந்த மாவட்டம் கண்ணால் பார்த்திருக்கிறது. அதனால்தான் நினைவூட்டுகிறேன்.

எஃப்.சி. இருக்கிறதே என்று யாரும் தெம்பாக இருக்க வேண்டாம். எட்டு வருடத்துக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதைத் தாண்டியதற்கு வருடம் ஒருமுறையும் தகுதிச் சான்று வாங்குகிறோம். சோதித்த நாளில் வண்டி எப்படி இருந்தது என்பதற்குத்தான் அது சான்று. காப்பீடும் கைகொடுக்காது: தேய்மானத்தாலும் இயந்திரக் கோளாறாலும் ஆன செலவை வழக்கமான மோட்டார் பாலிசி ஏற்பதில்லை. அதிக லோடு ஏற்றிப் பட்டை உடைத்துக்கொண்டால் வாரண்டியும் கேட்க முடியாது. போதாக்குறைக்குப் பிரிவு 194-இன்படி 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் சேரும்.

புது வண்டியிலேயே சத்தம் வந்து, சர்வீஸ் சென்டரில் "நாங்கள் ஓட்டினோம், கேட்கவில்லை" என்று திருப்பி அனுப்பினால்? ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே குறையை எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். சத்தம் வரும் நிலையிலேயே, வெறும் வண்டியாகவோ லோடோடோ, உங்கள் ஓட்டுநரை உடன் வைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கும்போது வெளியே பாதுகாப்பான தூரத்தில் ஒருவர் நின்று வீடியோ எடுக்கட்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாத பாகம் வேண்டாம். வழக்குக்கு வலு சேர்ப்பவை இவைதான்.

லாரி வாங்கியவன் வியாபாரி, நுகர்வோர் ஆகமாட்டான் என்று சிலர் பயமுறுத்துவார்கள். லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் – பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. பிழைப்புக்காகத் தானே ஓட்ட லாரி வாங்குபவர் நுகர்வோர்தான். ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. முழுக்க முழுக்க அடுத்தவரை ஓட்ட வைத்து லாபம் பார்ப்பவருக்கு அது பொருந்தாது. பிழைப்புக்கான சுயதொழில் வணிக நோக்கத்தில் சேராது என்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் இருக்கிறது.

வாங்கிய ஊர் திருச்சியோ சென்னையோ, நீங்கள் குடியிருக்கும் புதுக்கோட்டையிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் வழக்கு அங்கேயே நடக்கும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். பட்டறை சரியாக வேலை பார்க்கவில்லை என்பது குறை என்றால், கணக்குப் பார்ப்பது அந்த வேலைக்குக் கொடுத்த கூலியை. அது பெரும்பாலும் இலவச வரம்புக்குள் அடங்கிவிடும். மனுவுக்கு முன் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு ஆணையத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.