ஒரு லிட்டர் நீரும் ஓர் உயிரும்

கரைசலின் செறிவு உயர்நிலைப் பள்ளி வேதியியலில் மதிப்பெண்ணுக்குரிய பாடமாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. வயிற்றுப்போக்கினால் துவண்ட குழந்தைக்கு அதுவே உயிர்ப் பிரச்சினையாகும்.

1971-ஆம் ஆண்டில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பன்கான் முகாமில் இரத்தக் குழாய் வழியே செலுத்தும் உப்புநீர் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனோபிஸ் தலைமையிலான குழுவினர் குளுக்கோஸ், சாதாரண உப்பு, சமையல் சோடா ஆகியவற்றை நீரில் கரைத்து வாய்வழியே கொடுத்தனர். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்திற்கும் கீழே இறங்கியது. குடலில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே உறிஞ்சப்படுகின்றன; அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்செல்கிறது.

செறிவின் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைக்கும் பொடியில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் உள்ளன. இதனை 1 லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. எனவே 13.5-ஐ 180-ஆல் வகுத்தால் 0.075 மோல், அதாவது 75 மில்லிமோல் கிடைக்கிறது. சோடியம் 75, குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10 ஆகியவற்றையும் சேர்த்தால் லிட்டருக்கு மொத்தம் 245 மில்லிமோல் துகள்கள். இரத்தத்தில் இம்மதிப்பு ஏறக்குறைய 290 ஆகும். கரைசல் இரத்தத்தைவிடச் சற்று நீர்த்திருப்பதால், நீர் குடலிலிருந்து உடலுக்குள் எளிதில் செல்கிறது.

பிழையின் விளைவு

அதே பொடியை 200 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால் செறிவு ஐந்து மடங்காகி 1,225-ஐ எட்டும். அப்போது சவ்வூடு பரவலால் நீர் உடலிலிருந்து குடலுக்குள் இழுக்கப்படும். நீரிழப்பு மேலும் கடுமையாகும். இரத்தத்தில் சோடியமும் அபாய அளவிற்கு உயரலாம். மாறாக, 2 லிட்டரில் கரைத்தால் சோடியம் லிட்டருக்கு 37.5 மில்லிமோலாகக் குறையும். இழந்த உப்பு ஈடாகாது.

நீர்த்தலின் விதி

நீர் சேர்க்கும்போது கரைபொருளின் அளவு மாறுவதில்லை. ஆகவே, முதற் செறிவையும் முதற் கன அளவையும் பெருக்கிய தொகை, இறுதிச் செறிவையும் இறுதிக் கன அளவையும் பெருக்கிய தொகைக்குச் சமம். ஒரு தாய் தவறுதலாக அரை லிட்டரில் பொடியைக் கரைத்துவிட்டார் என்று கொள்வோம். செறிவு 490. குழந்தை 100 மில்லிலிட்டர் குடித்த பின்னர் தவறு தெரிகிறது. இனி எவ்வளவு நீர் சேர்க்க வேண்டும்? அரை லிட்டர் என்பது தவறான விடை. எஞ்சியது 400 மில்லிலிட்டர். 490-ஐ 400-ஆல் பெருக்கி 245-ஆல் வகுத்தால் 800. எனவே சேர்க்க வேண்டியது 400 மில்லிலிட்டர் மட்டுமே. குடித்த பங்குடன் அதிலிருந்த உப்பும் போய்விட்டது என்பதை மாணவர் உணர வேண்டும்.

செய்ய வேண்டியது

200 மில்லிலிட்டருக்குரிய சிறு பொட்டலங்களும் உண்டு. ஆகவே உறையில் அச்சிட்ட அளவைப் படித்தல் முதற்கடமை. பொட்டலம் வழங்கும் பணியாளர், வீட்டிலுள்ள எந்தப் பாத்திரம் ஒரு லிட்டர் கொள்ளும் என்பதையும் தாய்க்கு அளந்து காட்டுதல் வேண்டும். பொட்டலத்தை மட்டும் கொடுத்துவிட்டு அளவைச் சொல்லாமல் வருவது பாதிப் பணியே ஆகும்.