ஓடாத ஃபெராரிக்கும் பெல்ட் மாற்றுவது ஏன்?

ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத ஃபெராரி எஃப்355 காராக இருந்தாலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் எஞ்சினை முழுதாகக் கீழே இறக்குகிறார்கள். எல்லாம் பல் வைத்த ரப்பர் பெல்ட்களை மாற்றத்தான்!

1994-ல் வந்த இந்தக் காரின் 3.5 லிட்டர் வி8 எஞ்சினில் சிலிண்டருக்கு 5 வீதம் 40 வால்வுகள். கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கணக்குக்கு இசைவாக அவற்றைத் திறந்து மூட வைப்பவை டைமிங் பெல்ட்கள். நிமிடத்துக்கு 8,500 சுற்றில், ஒவ்வொரு வால்வும் நொடிக்குச் சுமார் 70 முறை திறந்து மூடும். அப்போது பெல்ட் அறுந்தால் சில வால்வுகள் திறந்தபடியே நின்றுவிடும். மேலேறும் பிஸ்டன் அவற்றில் மோதும், வால்வு வளையும். எஞ்சின் காலி.

நிறுத்தியே வைத்த வண்டியில் பெல்ட் எப்படித் தேயும்? தேயாது, ஆனால் வயதாகும். வெப்பமும் ஆக்சிஜனும் பட்டு ரப்பர் நெகிழ்ச்சி இழந்து வெடிப்பு விடும். அதனால்தான் 3 முதல் 5 ஆண்டு என்று கெடு வைக்கிறார்கள்.

எஞ்சின் இருப்பதோ இருக்கைகளுக்குப் பின்னால், நீளவாக்கில். பெல்ட் உள்ள முகம் கேபின் சுவரை ஒட்டியிருப்பதால் அங்கே வேலை பார்க்க இடமில்லை. காரை உயர்த்தி, குழாய்களையும் வயர்களையும் கழற்றி, கியர்பாக்ஸோடு சேர்த்து இறக்க வேண்டும். பெல்ட் விலை சொற்பம். கூலிதான் தலையைச் சுற்ற வைக்கும்.

1999-ல் வந்த 360 மொடேனாவில் இருக்கைக்குப் பின்னால் ஒரு திறப்பு வைத்தார்கள். எஃப்430-ல் பெல்ட்டே இல்லை, செயின்தான்.

பழைய எஃப்355 வாங்குபவர்கள் ஓடிய தூரத்தைப் பார்க்கும் முன், பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள்.