தாகம் என்று நினைத்தேன்

பாட்டி தந்த சோற்றுக்கற்றாழை என் மேசையில் வாடியது. தாகம் என்று நினைத்து, தேர்வுப் பரபரப்பிலும் தினமும் தண்ணீர் ஊற்றினேன். மடல்கள் மஞ்சளாகி, அடிப்பகுதி கொழகொழத்தது.

தொட்டியைக் கவிழ்த்தேன். வேர்கள் கறுத்து அழுகியிருந்தன. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈரத்திலும் செடி வாடியிருக்கிறது. தண்ணீர் போதாவிட்டால் மடல் மெலிந்து சுருங்கும், மிகுந்தால் கொழகொழக்கும். இந்த வேறுபாட்டை நான் கவனிக்கவில்லை.

அழுகியதை நறுக்கி, செடியை நிழலில் 4 நாள் உலரவிட்டேன். அடியில் துளையுள்ள தொட்டியில், பருமணல் கலந்த மண்ணில் நட்டு, வெளிச்சமான சன்னலோரம் வைத்தேன். ஒரு வாரம் கழித்தே நீர் ஊற்றினேன்.

இப்போது நடுவில் புதுக் குருத்து! படத்தைப் பாட்டிக்கு அனுப்பிவிட்டேன்.

உங்கள் செடி வாடினால், தண்ணீரை எடுக்குமுன் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள்.