இஞ்சின் நின்றால் விமானம் விழுமா?

பறந்து செல்லும் சிறு விமானத்தின் இஞ்சின் நின்றுபோனால், அது கல்லைப்போல் கீழே விழுந்துவிடும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. விமானத்தைத் தாங்குவது இறக்கைகளைத் தழுவிப் பாயும் காற்று. அவ்வோட்டம் குன்றாதவரை இறக்கைகள் தாங்கிக்கொண்டே இருக்கும்.

ஆகவே, இஞ்சின் ஓய்ந்ததும் விமானி விமானத்தின் முகப்பைச் சற்றே தாழ்த்துகிறார். சரிவில் இறங்கும் சைக்கிள் மிதிக்காமலே ஓடுவதுபோல, விமானம் உயரத்தைச் செலவிட்டு வேகத்தைக் காத்துக்கொள்கிறது. விமானப் பயிற்சிக்குப் பெரிதும் பயன்படும் செஸ்னா 172 விமானம், மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகத்தில் இவ்வாறு சறுக்கி வரும். காற்று அமைதியாக இருப்பின், 1,000 மீட்டர் உயரத்திலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் செல்லும். அதற்கு ஆகும் காலம் நாலரை நிமிஷம்.

அதற்குள் இறங்குமிடத்தைத் தேர்ந்தாக வேண்டும். அறுவடை முடிந்த சமமான வயல் நன்று. மின்கம்பிகள் ஓடும் இடம் ஆகாது. புகை சாயும் திசையால் காற்றை அறிந்து, அதனை எதிர்த்து இறங்கினால் தரையில் ஓடும் வேகம் குறையும். வேகம் பாதியானால் மோதும் வலிமை கால்பங்காகிவிடும் அன்றோ? இடையே பெட்ரோல் வரத்தைச் சோதித்து இஞ்சினை மீண்டும் இயக்க முயல்வார்; ரேடியோவில் அபாயக் குரல் கொடுப்பார். தரையைத் தொடுமுன் பெட்ரோலையும் மின்சாரத்தையும் அடைத்துவிடுவார்.

புறப்பட்டவுடன் இஞ்சின் நின்றால், விமான நிலையத்துக்கே திரும்பிவிடலாம் என்னும் ஆசைதான் பெரும்பகை. தாழ்வான உயரத்தில் திரும்பினால் உயரம் விரைந்து கரையும். வேகமும் குறையுமாயின் இறக்கைகள் தாங்கா. ஆதலின், எதிரே தென்படும் இடத்திலேயே இறங்குமாறு பயிற்றுகின்றனர்.

2016 மே 24-ஆம் நாள், பாட்னாவிலிருந்து டில்லிக்கு நோயாளி ஒருவரை ஏற்றிவந்த சிறு விமானம், இரு இஞ்சின்களும் செயலிழந்தமையால் நஜஃப்கட் அருகே வயலில் இறங்கியது. விமானம் சேதமுற்றது, ஆயினும் அதிலிருந்த எழுவரும் பிழைத்தனர்.

இத்தகைய காட்சியை நாமும் காண நேரலாம். அப்பொழுது 112 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிப்போம். சிறு விமானங்கள் பலவற்றில் பெட்ரோல் இறக்கைகளிலேயே இருப்பதால், அருகில் பீடி, சிகரெட் பற்றவைக்க விடலாகாது. நின்றிருக்கும் சுழல்விசிறியையும் தொடலாகாது. விமானி தம் கடமையைச் செய்து முடித்த இடத்தில் நம் கடமை தொடங்குகிறது.